பெல்ட் வைத்த குட்டி இருக்கை

அந்த நகரத்தில் ஓடும் பேருந்துகளில் அறுபத்திரண்டு பேருந்துகளின் இருக்கை உறைகள் அவள் தைத்தவை. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். உட்கார இடம் கிடைத்தால் போதும் என்று ஏறுகிறவர்கள் உறையையா பார்ப்பார்கள்? ரெக்சின் விளிம்பில் ஒன்றையொன்று ஒட்டியபடி இரண்டு தையல்கள் ஓடினால் அது அவள் மிஷின். குஷன் பட்டறையில் அவளுக்குப் பெயரே 'இரட்டைத் தையல்'தான். முதலாளியம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவார்.

குழந்தை பிறந்ததிலிருந்து அவள் மிஷினைத் தொடவில்லை. மூன்றாவது மாடியில், ஜன்னல் அடைத்த அறையில், ஐந்து மாத மகனோடு உட்கார்ந்திருந்தாள்.

ஜன்னலை அடைத்தவர் மாமனார். சாத்தியதோடு விடவில்லை. இடுக்கு விடாமல் பழுப்பு டேப் ஒட்டி, நகத்தால் அழுத்தித் தேய்த்துவிட்டார். பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் தண்ணீர் கேட்டால்கூட ஒலிபெருக்கியில் அறிவிப்பது போல இருக்கும். சட்டைப் பையில் பேனா இருக்கிறதோ இல்லையோ, இன்ஹேலர் இருக்கும். பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆஸ்துமா. மற்றவர்களுக்குச் சும்மா கிடைக்கிற மூச்சு தனக்குக் கெஞ்சிக் கூத்தாடினால்தான் கிடைக்கும் என்பார். பேரன் முதன்முதலாக இருமி, நெஞ்சிலிருந்து மெல்லிய விசில் ஒன்று கேட்டபோது அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

"சொத்துன்னு எதையும் சேர்க்கலைன்னு நெனச்சேன்" என்றார். "இதை மட்டும் பத்திரமா பேரனுக்குக் குடுத்துட்டேன்."

தெருமுனை டாக்டரின் அறையில் நிற்க இடமில்லாத கூட்டம். அவர் குழந்தையின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். ஆஸ்துமா மாதிரி இருக்கிறது, நெபுலைசர் வைத்துப் பார்க்கலாம் என்றார். அந்த 'மாதிரி' என்ற சொல் படி இறங்கும்போதே எங்கோ விழுந்துவிட்டது. வீடு வந்து சேர்ந்தது ஆஸ்துமா மட்டும்தான்.

அன்றிலிருந்து வீட்டில் துடைப்பம் எடுக்கக் கூடாது, ஈரத்துணிதான். தாளிப்பு வாசனை அறைக்குள் வரக் கூடாது. ஃபேன் வேண்டாம், தூசியைக் கிளப்பும். அவள் பட்டறைக்குக் கட்டிப்போன பழைய சேலைகளை மூட்டை கட்டிப் பரணில் ஏற்றியாயிற்று. நிறைமாதம் வரை ஃபோம் தூளுக்கு நடுவில் உட்கார்ந்து தைத்தாளே, பிள்ளை வயிற்றிலேயே தூசியைக் குடித்திருக்கும் என்றார் மாமனார். கோபமாகச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள். அவர் கண் கலங்கச் சொன்னார். பாசத்தால் கட்டிப்போடுகிறவரிடம் என்னவென்று சண்டை போடுவது?

இன்னொரு சட்டமும் இருந்தது. வயிறு காலியாக இருந்தால் இழுப்பு ஏறும். எனவே குழந்தை இருமினால் உடனே பால். தாய்ப்பால் போதாமல் புட்டிப்பாலும் சேர்த்திருந்ததால் மாமனாரே கலக்கிக் கொண்டுவந்துவிடுவார். இருமல், புட்டி, மறுபடி இருமல், மறுபடி புட்டி. குழந்தை கன்னம் உப்பி நன்றாகத்தான் இருந்தான், இருமல்தான் நிற்கவில்லை.

அவளுக்குக் கை ஊறியது. ஆஸ்துமாக்காரர்கள் படுத்தால் மூச்சு முட்டும், உட்கார்ந்தால் இறங்கும் என்று மாமனார் சொல்லிச் சொல்லிக் கேட்டிருந்தாள். ஒருநாள் பரணிலிருந்து மிச்ச ஃபோமையும் நீல ரெக்சினையும் இறக்கினாள். ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, தூசி இல்லை என்று மாமனாரிடம் காட்டிய பிறகுதான் அனுமதி கிடைத்தது. கையாலேயே தைத்தாள். குழந்தை அளவுக்கு ஒரு குட்டி பஸ் சீட். முதுகுக்கு மெத்தை, பக்கவாட்டில் தடுப்பு, நழுவாமல் இருக்க வயிற்றின் குறுக்கே அகலமான பெல்ட். விளிம்பில் இரட்டைத் தையல்.

"டிக்கெட் எடுத்தாச்சா தம்பி?" என்று கேட்டார் மாமனார். பல வாரங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். பால் குடித்து முடித்ததும் குழந்தையை அதில் உட்கார்த்தி பெல்ட்டை மாட்டுவது வழக்கமாயிற்று. இருமல் குறையவில்லை, கூடியது. நோய் முற்றுகிறது என்று மாமனார் இன்னொரு சுற்று டேப் ஒட்டினார்.

அந்த வாரம்தான் முதலாளியம்மா போன் செய்தார். பெரிய வேலை ஒன்று வந்திருக்கிறது, முதல் தேதிக்குள் வராவிட்டால் மிஷினில் வேறு ஆளை உட்கார வைக்கத்தான் வேண்டும் என்றார். மாமனார் பக்கத்திலேயே இருந்தார். பட்டறைத் தூசியோடு வந்து பிள்ளையைத் தூக்குகிற பேச்சே வேண்டாம், அந்தத் தொழிலையே தலைமுழுகிவிடு என்று சொல்லிவிட்டார்.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவன் சாப்பிட உட்கார்ந்ததும் அவள் கேட்டாள்: "லிஃப்டுல எவனோ மாட்டிக்கிட்டான்னு போன் வந்தா, கையில இருக்கிற சோத்தை உதறிட்டு ஓடுறீங்க. இங்க ஒருத்தி மாட்டிக்கிட்டு மணியடிச்சுட்டே இருக்காளே, அது மட்டும் காதுல விழாதா?"

அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்று தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அப்புறம் கை கழுவிவிட்டு வந்து, குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிடலாம், அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதுதான் முடிவு என்றான். அவளுக்குப் பயம் வந்தது. அங்கேயும் ஆஸ்துமா என்று சொல்லிவிட்டால் பட்டறை போயிற்று. அதைவிட, பிள்ளையைக் கெடுத்தது தன் கைதான் என்று ஆகிவிடும்.

குழந்தையை இருக்கையோடு தூக்கிக்கொண்டு போனார்கள். மாமனாரும் வந்தார், வராமல் இருப்பாரா? குழந்தை டாக்டர் நடுவயதுப் பெண்மணி. அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் மாமனாரே பதில் சொன்னார். தூசி, வம்சம், பட்டறை, ஜன்னல் எல்லாம் வரிசையாக வந்தன. டாக்டர் இடைமறிக்காமல் கேட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"நெபுலைசர் வச்சா இருமல் நிக்குதாம்மா?"

அவள் மாமனாரைப் பார்த்தாள். "இல்ல டாக்டர். வச்சாலும் வைக்கலன்னாலும் ஒண்ணுதான்."

"எப்போ அதிகமா இருமுறான்?"

இத்தனை நாளில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. எதனால் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். எப்போது என்று கேட்கவில்லை. அவளும் தன்னைத்தானே கேட்டுக்கொண்டதில்லை. அவள் திணறுவதைப் பார்த்து, பால் நேரம் ஆகிவிட்டதா என்று கேட்டார் டாக்டர். ஆகிவிட்டது. இங்கேயே கொடுங்கள், வீட்டில் என்ன செய்வீர்களோ அதை அப்படியே செய்யுங்கள் என்றார்.

குழந்தை புட்டியைக் காலி செய்தான். அவள் இருக்கையில் வைத்து பெல்ட்டை மாட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. டாக்டர் அடுத்த குழந்தையைப் பார்க்கத் தொடங்கினார். பிறகு மகன் முதுகை வில்லாக வளைத்தான். வாயில் ஏதோ வந்தது போல மென்று விழுங்கினான், முகம் சுளித்தான். இருமல் வந்தது. பின்னாலேயே விசில். கழுத்தில் கட்டிய பிப் துணியில் புளித்த பால் வாசம்.

டாக்டர் எழுந்து வந்து பெல்ட்டைக் கழற்றினார். குழந்தையை நிமிர்த்தித் தன் தோளில் சாய்த்து முதுகை நீவினார். ஏப்பம் ஒன்று பெரிய மனிதன் விடுவது போல வந்தது. இருமல் மெல்ல அடங்கியது.

"இந்த சீட் எங்க வாங்கினீங்க?"

"நான் தைச்சது, டாக்டர்."

"ரொம்ப நல்லா தைச்சிருக்கீங்க. அதான் வம்பே. பால் நிறைஞ்ச வயித்தை மடக்கி உக்கார வச்சு, மேல பெல்ட்டும் போட்டா, பால் எங்க போகும்? மேலதான் வரும். தொண்டைக்கு வந்தா இருமல், மூச்சுக்குழாய் பக்கம் போனா விசில்."

மாமனார் வாயைத் திறந்தார். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். ஆஸ்துமா இல்லவே இல்லை என்று தான் சொல்லவில்லை. இந்த வயதில் அடித்துச் சொல்ல முடியாது, குடும்பத்திலும் இருக்கிறது. சளி பிடிக்கும்போதும், பாலுக்குச் சம்பந்தமில்லாத நேரத்திலும் இழுத்தால் அது வேறு கதை, அப்போது பார்ப்போம். இப்போதைக்கு, இருமினால் பால் என்பதை நிறுத்த வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, நடுவில் ஏப்பம் எடுத்து, முடிந்ததும் அரை மணி நேரம் தோளில் நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். தூங்கும்போது தட்டையான படுக்கையில் மல்லாந்து. தலையணையும் வேண்டாம், இந்த இருக்கையும் வேண்டாம். மூச்சு வாங்கி விலா உள்ளே இழுத்தாலோ, உதடு நீலமானாலோ, பால் குடிக்க மறுத்தாலோ ஒரு நிமிடமும் யோசிக்காமல் ஓடி வாருங்கள் என்றார்.

பேருந்தில்தான் திரும்பினார்கள். மகன் தோளில் தூங்கினான். அவள் கட்டைவிரல் தன்பாட்டுக்கு இருக்கை விளிம்பைத் தடவியது. இரண்டு தையல்கள் தட்டுப்பட்டன. தூசி தன் குற்றமில்லை என்றாகிவிட்டது. ஆனால் ஆசை ஆசையாகத் தைத்த இருக்கை? யாரும் அதைச் சொல்லிக்காட்டவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மாமனார் அவள் பக்கம் திரும்பினார். "ஆஸ்துமா இல்லன்னு அவங்க சொல்லலையேம்மா."

"ஆமான்னும் சொல்லல மாமா. நான் முதல் தேதி வேலைக்குப் போறேன்."

"அப்ப அரை மணி நேரம் புள்ளைய யாரு தோள்ல வச்சிருப்பா?"

ஒரு கதவு திறந்தால் அதற்குப் பின்னால் இன்னொரு கதவு. கணவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கும் நிறுத்தம் வந்தபோது மாமனார் இன்ஹேலரை ஒருமுறை இழுத்துவிட்டு, சட்டையின் தோள்பட்டையைத் தட்டிச் சரிசெய்துகொண்டார். "குடு இப்படி. பழக வேண்டாமா?"

வீட்டுக்கு வந்ததும் அவள் அந்த நீல இருக்கையைப் பிரித்தாள். இரட்டைத் தையல் லேசில் பிரியவில்லை. பிளேடு போட வேண்டியிருந்தது.

அடுத்த நாட்களில் இருமல் குறைந்தது, நிற்கவில்லை. மாமனார் பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு, பிளாட்பாரத்தில் நடப்பது போல ஹாலில் மேலும் கீழும் நடந்தார். ஜன்னல் டேப்பைப் பிரிக்க மட்டும் விடவில்லை. பட்டறையிலிருந்து வந்தால் குளித்து உடை மாற்றிய பிறகுதான் பிள்ளையைத் தொட வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார். அவள் ஒப்புக்கொண்டாள்.

முதலாளியம்மாவுக்குப் போன் செய்தாள். பதில் வராததால் மிஷினில் வேறு ஆளை உட்கார வைத்தாயிற்று, ஃபோம் வெட்டுகிற மேசைதான் காலியாக இருக்கிறது என்றார் அவர். பட்டறையில் தூசி அதிகம் பறக்கிற இடம் அதுதான். வீட்டில் அதைச் சொல்லவில்லை. முதல் தேதியான திங்கட்கிழமை வேலைக்குச் சேர்கிறாள். குழந்தையை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியது புதன்கிழமை. அதற்கு இப்போதே லீவு சொல்லிவிட்டாள்.