சுகமா என்ற முதல் கேள்வி

திண்டுக்கல்லில் ஒரு வீட்டுக்குள் டாக்டர் நுழைந்தால் உள்ளே யாரோ சாகக் கிடக்கிறார்கள் என்று அர்த்தம். 1950களின் கடைசியில் இங்கிலாந்துக்குப் போன எனக்கோ, நன்றாக இருக்கிறவர்களின் வீட்டுக் கதவைத் தட்டுவதற்குச் சம்பளம் கொடுத்தார்கள். வடக்கே மழையும் ஆலைப் புகையுமாக இருந்த நகரம் அது. எழுபதைத் தாண்டியும் ஆரோக்கியமாக இருப்பவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் ஏன் அப்படி இருக்கிறார்கள் என்று ஆராய வேண்டும். நோயாளியைப் பார்த்தே பழகியவனுக்கு முதல் மாதம் சிரிப்பாகத்தான் இருந்தது.

கையில் ஒரு பெட்டி. ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி, ஊதிப் பார்க்கிற குழாய், கைப்பிடியின் வலுவைக் காட்டுகிற முள் வைத்த கருவி ஒன்று. ஆளுக்கு ஒரு அட்டை. அட்டையின் முதல் கேள்வி, ‘உங்கள் உடல்நிலை எப்படி? நன்று, சுமார், மோசம்.’ எங்கள் பேராசிரியர் கருவிகளைவிட அந்தக் கேள்வியைத்தான் நம்பினார். தன் உடம்பைப் பற்றி முதியவர் சொல்வதைவிடப் பெரிய பரிசோதனை இல்லை என்பார். அந்த ஊரைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் கொஞ்சம் யோசித்துவிட்டு ‘சுமார்’ என்றார் என்றால், கருவியும் சுமார் என்றுதான் சொல்லும்.

இரண்டு வருடம் கழித்து அவர் என்னைக் கூப்பிட்டு, ஆறு மாதம் உன் ஊருக்குப் போய் இதே அட்டையோடு இதே கேள்விகளைக் கேட்டுவிட்டு வா என்றார். திரும்பி வந்தால் நிரந்தர வேலை. எனக்கு ஆசைதான். ஆனால் ஊரில் என் தகப்பனார், அத்தா, இருந்தார். அம்மா நான் மதராசில் படிக்கும்போதே மௌத்தாகிவிட்டார். அத்தாவுக்கு எழுபத்து நான்கு வயது. தோல் மண்டி வைத்திருந்தார். அக்கா அடுத்த தெருவிலிருந்து சாப்பாடு கொடுத்தனுப்புவார். அத்தா நன்றாக இருந்தால் திரும்பிப் போய்விடுவது, இல்லையென்றால் இங்கேயே இருந்துவிடுவது. கப்பலிலேயே இதைத் தீர்மானித்துவிட்டேன்.

ரயிலடிக்கு அவரே வந்திருந்தார். “எப்படி இருக்கீங்கத்தா?” என்றேன்.

“அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கேன். நீதான் எளச்சுப் போய்ட்ட.”

மறுநாள் முதல் அட்டையை அவருக்கே போட்டேன். பாதி விளையாட்டு. கேள்வியை முறைப்படி கேட்டேன், அதே பதிலைச் சொன்னார், ‘நன்று’ என்று குறித்துக்கொண்டேன். பெட்டியைத் திறக்கவில்லை. பெற்றவரைப் போய்க் கருவி வைத்து அளப்பதா என்று கூச்சமாக இருந்தது என்று பிற்பாடு சொல்லிக்கொண்டேன். உண்மையில் சோம்பல். அந்த வாரமே பேராசிரியருக்கு, வேலையை ஏற்றுக்கொள்கிறேன் என்று கடிதமும் போட்டுவிட்டேன்.

பிறகு பஸ் பயணம்தான். நிலக்கோட்டை, தொப்பம்பட்டி, கீரனூர் என்று பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போவேன். அட்டைகள் சேரச் சேர எனக்குக் குழப்பமும் சேர்ந்தது. நிலக்கோட்டைப் பக்கம் ஒரு பாட்டி விடியலிலிருந்து குனிந்தபடி மல்லிகை மொட்டு பறித்துக்கொண்டிருந்தார். கேட்டால், “நெஞ்சு அடைக்கிதுய்யா, கண்ணும் தெரியல, இந்த வருசம் தாண்ட மாட்டேன்” என்கிறார். கண் தெரியாதவரின் விரல் ஒரு பிஞ்சைக்கூடத் தொடாமல் முற்றின மொட்டாகப் பார்த்துக் கிள்ளுகிறது. ‘மோசம்’ என்று எழுதிவிட்டு அழுத்தம் பார்த்தேன். இளவட்டத்தின் அழுத்தம். இப்படியே ஊர் ஊராக நடந்தது. கருவி வெயிலில் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பேராசிரியரும் பாதரசத்தைச் சரிபார் என்று எழுதினார். பாதரசத்தில் ஒரு குறையும் இல்லை.

மூன்றாவது மாதம் கீரனூரில் ஒரு தோட்டத்துக்குப் போனேன். எண்பதைத் தாண்டிய விவசாயி, கமலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். மாட்டோடு மாடாகப் பின்னால் போய் முன்னால் வருகிறார். என் கேள்விக்கு மருமகள்தான் பதில் சொன்னார்.

“ஏனுங்க, அவருக்கு ஒண்ணுமே முடியறதில்லீங்க. முட்டி வலிங்க. ராத்திரியெல்லாம் இருமலுங்க. சோறே இறங்கறதில்லீங்க.”

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் ஆமாம் என்றார். கைக்கருவியைக் கொடுத்து அமுக்கச் சொன்னேன். முள் நான் அதுவரை பார்க்காத இடத்துக்குப் போனது. “போதுமுங்க மாமா, உடுங்க” என்று மருமகள் அதட்டினார். நான் ‘மோசம்’ என்று எழுதிக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில்தான் குடையை விட்டுவந்தது ஞாபகம் வந்து திரும்பினேன்.

வாசலில் பெரியவரைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்து, மருமகள் உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்து அடுப்பில் போட்டார். மிளகாய் வெடித்தது, ஆனால் எனக்கோ அவர்களுக்கோ ஒரு தும்மல் வரவில்லை. நெடி வராவிட்டால் கண் பலமாகப் பட்டிருக்கிறது என்று கணக்கு. அந்தக் கண் என்னுடையது. என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் கூச்சப்பட்டாலும் ஒளிக்கவில்லை.

“தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த வயசுலயும் நல்லா இருக்கறாருன்னு நீங்க எழுதிச் சீமைக்கு அனுப்புவீங்க. அங்க இருக்கற அத்தன வெள்ளக்காரங்க கண்ணும் இவரு மேல படுமுங்க. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுங்களே.”

இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மருமகள் தேவையா? எங்கள் தெருவில் எந்தக் குழந்தையைப் பார்த்தும் யாரும் கொழுகொழுவென்று இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. அம்மா உயிரோடிருந்தவரை, நான் நன்றாகச் சாப்பிட்டேன் என்பதை எவரிடமும் சொன்னதில்லை. இந்த மண்ணில் பிறந்தவன், இந்த மண்ணின் கிழவர்களிடம், வெள்ளைக்காரன் கேட்டதைப் போலவே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. நல்ல கோபம்.

கீரனூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அட்டைகளைப் பிரித்துப் பார்த்தேன். கிராமத்தில் ‘மோசம்’ என்றவர்களில் பாதிப் பேர் கல்லுக்குண்டாக இருந்தார்கள். சரி, அது கண் திருஷ்டி. ‘நன்று’ என்றவர்கள் யார்? பெரும்பாலும் எங்கள் டவுன்காரர்கள், எங்கள் ஜமாத்துப் பெரியவர்கள். அவர்களுடைய அளவுகளோ படுமோசம். ஒருவர் மூச்சிரைத்து வாக்கியத்தை முடிக்க முடியாமல் ‘நல்லா இருக்கேன்’ என்றது நினைவுக்கு வந்தது. நோயோ சுகமோ, ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று கொடுத்தவனுக்கு நன்றி சொல்லாமல் அவர்கள் அடுத்த வார்த்தை பேச மாட்டார்கள். குறை சொல்வது அவனைக் குறை சொல்வது. ‘நன்று’ என்று குறித்த அட்டைகளில் ஒன்றே ஒன்றில் மட்டும் எந்த அளவும் எழுதப்படவில்லை. அது அத்தாவுடையது. பஸ் எனக்கு மிக மெதுவாகப் போனது.

வீட்டில் அத்தா சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். “சட்டையைக் கழட்டுங்கத்தா, பாக்கணும்” என்றேன்.

“செத்த நேரம் இரு. அஸர் தொழுதுட்டு வாரேன்.”

நானும் கூடப் போனேன். வீட்டிலிருந்து பள்ளிவாசல் ஒரு தெரு தூரம். அதற்குள் மூன்று இடத்தில் நின்றார். டீக்கடையில் ஒரு சலாம். தையல்கடையில் ஒரு விசாரிப்பு. மூன்றாவது இடத்தில் யாருமில்லை. செருப்பு வாரைக் குனிந்து பார்த்தார். வாரில் ஒன்றும் இல்லை. மூன்று மாதமாக அவரோடு அந்தத் தெருவில் நடந்திருக்கிறேன். மனிதர்கள் மேல் இம்புட்டுப் பிரியமா என்று பெருமைப்பட்டிருக்கிறேன். அவர் மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

தொழுதுவிட்டு வந்ததும் கட்டிலில் உட்காரவைத்தேன். வீங்கியிருந்த கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தால் பள்ளம் அப்படியே நின்றது. ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டேன். இதயம் களைத்துப்போய் வெகுநாள் ஆகியிருந்தது. நுரையீரலின் அடிவரை தண்ணீர். வீடு வீடாகப் போய் ஊரார் பெற்றோரின் மூச்சையெல்லாம் அளந்தவன் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

“ஏன் அத்தா சொல்லல? நல்லா இருக்கேன்னு பொய் சொல்லிட்டீங்களே.”

“பொய் சொல்லலப்பா. நீ எப்படி இருக்கீங்கன்னு கேட்ட. நான் அவனுக்கு நன்றி சொன்னேன். நீ அதை அட்டையில எழுதிக்கிட்ட.”

நான் கருவிகளை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். அவரே கேட்டார்: “நீ இங்க இருந்தா எனக்குச் சரியாயிருமா?”

“சரியாகாது. மருந்து கொடுத்தா மூச்சு கொஞ்சம் லேசாகும்.”

“அதுக்கா அந்த வேலைய விடப்போற? மருந்த எழுதிக் குடுத்துட்டுப் போ.”

“போகல” என்றேன். அதற்கு மேல் எங்களுக்குள் விவாதம் நடக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் பேச்சு குறைவு. அடுத்த தெருவிலிருந்து வந்த அக்காதான், தனக்குத் தெரியும் என்றும், யாரிடமும் சொல்லக்கூடாது என்று அத்தா சத்தியம் வாங்கியிருந்தார் என்றும் சொல்லி அழுதார். அக்காவைக் கோபித்துக்கொள்ள எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

பேராசிரியருக்கு எழுதினேன். முதல் கேள்வி இங்கே செல்லாது, அட்டைகளை அனுப்புகிறேன், அளவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், நான் வரவில்லை. மரியாதையாகப் பதில் எழுதினார். வேலை வேறொருவருக்குப் போனது. வருத்தம் இருந்ததா என்றால், இருந்தது. பல வருடம் இருந்தது.

திண்டுக்கல்லிலேயே கிளினிக் வைத்தேன். அத்தாவிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று அதன்பின் கேட்டதில்லை. மூச்சு முட்டாமல் இருக்க எத்தனை தலையணை வைத்துத் தூங்கினீர்கள், தெருவில் எத்தனை இடத்தில் நின்றீர்கள், செருப்பு காலை இறுக்கிப் பிடிக்கிறதா என்று கேட்பேன். அவற்றுக்கு அவர் வியாபாரி மாதிரி சுத்தமாகப் பதில் சொல்வார். மூன்று தலையணை. நாலு இடம். இடது செருப்பு பிடிக்குது. அதை வைத்து மருந்தைக் கூட்டுவேன், குறைப்பேன். இப்படி ஒன்றரை வருடம் ஓட்டினோம்.

ஒரு நாள் காலையில் காபியோடு போனேன். வழக்கமான கேள்விகளை நான் இன்னும் தொடங்கவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னைக்கு முடியலப்பா” என்றார். நினைவு தெரிந்த நாளிலிருந்து தன் உடம்பைப் பற்றி அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே குறை அதுதான். அதைக் கேட்க நான் பக்கத்தில் இருந்தேன்.