திக்கற்றவர், கதியற்றவர், இன்னபிறர்

பெட்டிஷன் எழுதுகிறவனுக்குப் பேனாவும் மையும் இருந்தால் போதாது, துரையின் மனசைக் கரைக்க நாலு வார்த்தையும் கைவசம் இருக்க வேண்டும்.

ரப்பர் விலை அதல பாதாளத்துக்குப் போன காலத்தில், மலாயாவில், யோங் பெங்கில் ஒரு சீனர் கோப்பிக் கடை வாசலின் அஞ்சடித் தாழ்வாரத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தேன். சுற்றியிருந்த எஸ்டேட்டுகளில் ஆள் குறைப்பு. வேலை போனவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சிலருக்குப் போக வேண்டும், சிலருக்கு எப்படியாவது இங்கேயே இருக்க வேண்டும். இரண்டு கட்சிக்கும் மனு எழுதுகிறவன் நான்தான். பரம ஏழை, திக்கற்றவன், கதியற்றவன், உடல் நலிந்தவன் என்று ஒரு வரிசை வைத்திருந்தேன். ஆளைப் பார்த்து எடுத்துப் போடுவேன். இங்கிலீஷில் எழுதி, தமிழில் வாசித்துக் காட்டி, அப்புறம் கைநாட்டு வாங்குவது வழக்கம். அடுத்தவருக்காக எழுதிக் கொடுத்துவிட்டு அவரிடமே திட்டு வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், மேலே படியுங்கள்.

ஐந்து பிள்ளைக்காரர்

மாரிமுத்து பால்மரம் வெட்டுகிறவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவர். வேலை நின்றதிலிருந்து வீட்டில் மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்குதான். ஐந்து பிள்ளைகளோடு ஊர் திரும்பக் கப்பலில் இடம் கேட்டு மனு. ‘பரம ஏழையாகிய’ என்று வாசித்தேனோ இல்லையோ, மனிதர் எழுந்து நின்றுவிட்டார். அந்த வார்த்தையை அடித்தால்தான் கைநாட்டு வைப்பேன் என்று கட்டைவிரலை மடக்கிக்கொண்டார்.

“சாப்பாட்டுக்கே வழியில்லை என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?” என்றேன்.

“கஷ்டப்படுறேன்னு போடுங்கய்யா, அது நெசம். ஏழைன்னு போட்டா, நான் என்னமோ பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான்னு ஆயிடும்ல.”

கோட்டுப் போட்டவர்

எஸ்டேட் ஆபீசில் பேரேடு எழுதும் கிராணி ஒருவருக்கும் சீட்டுக் கிழிந்தது. கோட்டும் தொப்பியுமாக வந்தார். இங்கிலீஷ் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர். தன் கையாலேயே தன்னைப் பற்றி எழுத மனசு வரவில்லையாம். வேலையிழந்த கூலிகள் போகும் அதே கப்பலில் அவருக்கும் இடம் வேண்டும், ஆனால் மனுவில் அவர் கூலி ஆகக் கூடாது. ‘தற்சமயம் உத்தியோகத்தில் இல்லாத’ என்று போடச் சொன்னார். போட்டேன். இத்தனை கௌரவம் எதற்கு என்று எனக்குள் கொஞ்சம் நையாண்டிதான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், கூலி என்று போட்டால் இடம் சீக்கிரம் கிடைக்கும் என்று சொல்லிவிட்டேன். மனிதர் கோபப்படவில்லை.

“பதினெட்டு வருஷமா ஆளுங்க பேருக்கு முன்னால நான் எழுதின வார்த்த அது. எழுதும்போது ஒரு தடவகூட நிமிந்து அவங்க மூஞ்சியப் பாத்ததில்ல.”

அஞ்சலையின் மனு

அஞ்சலைக்குப் போக வேண்டாம். புருஷன் செத்து ஒரு வருஷம். ஒரே மகள் அதே எஸ்டேட்டில் நிறைமாசமாக இருந்தாள். பிரசவம் பார்க்க வேறு நாதி கிடையாது. குறைக்கப் போகும் ஆட்களில் தன் பேர் இருப்பதாகக் கேள்விப்பட்டு, துரைக்கு ஒரு மனு எழுதச் சொன்னாள். அன்றைக்கு அஞ்சடியில் ஒரே கூட்டம். விதவை என்றதும் என் கை தானாக ஓடிற்று. திக்கற்றவள், கதியற்றவள், உடல் நலிந்தவள், ஒன்றையும் விடவில்லை. வாசித்துக் காட்ட நேரமில்லாமல் கைநாட்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

துரை இளகிய மனசுக்காரர். இப்படி நலிந்தவளையா மரம் வெட்ட விட்டோம் என்று உருகி, முதல் கப்பலிலேயே அவளை ஊருக்கு அனுப்ப உத்தரவு போட்டார். அஞ்சலை ஓடி வந்தாள். உடனே இரண்டாவது மனு எழுத உட்கார்ந்தேன். தினம் முந்நூறு மரம் வெட்டுகிறவள், விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஒரு நாளும் தவறாதவள் என்று அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். ஆபீசில் முதல் மனுவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பாவம், பயத்தில் பொய் சொல்கிறாள் என்றார்களாம்.

கப்பலுக்கு ஆள் ஏற்றிப் போன லாரி கடைத்தெருவில் தண்ணீருக்கு நின்றது. அஞ்சலை இறங்கி நேராக என் மேசைக்கு வந்தாள். எனக்குத் தலை நிமிரவில்லை. வைது தீர்த்திருந்தால்கூடத் தேவலை. அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

“இனிமே யாராச்சும் வந்தா, என்ன வேணும்னு மொதல்ல கேளுங்கய்யா. எவ்ளோ கஷ்டம்னு அப்பறமா கேக்கலாம்.”

நான் எழுதிய நூற்றுக்கணக்கான மனுக்களில், துரைமார் ஒரு வார்த்தை விடாமல் நம்பியது அவளுடைய அந்த முதல் மனுவைத்தான்.