என் ரத்தம் எதுக்கு?

நானும் தம்பியும் அச்சு அசல் இரட்டையர். நரம்பின் உறையை அரிக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் அவனுக்கு வந்ததும், அதே மாதம் எனக்கும் வந்துவிடும் என்று உறுதியாக நம்பினேன்.

இரட்டையர் ஆராய்ச்சிக்கு ரத்தம் எடுக்க ஒரு நர்ஸ் எங்கள் தென்காசி வீட்டுக்கு வந்தார். நரைத்த கொண்டை, தடித்த கண்ணாடி. எதிரே யாராவது பயந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

“சீக்கு அவனுக்கு. என் ரத்தம் எதுக்கு?” என்றேன்.

“ரெண்டு பேருக்கும் ஒரே ஜீன்தான், அண்ணாச்சி. அது மட்டுந்தான் காரணம்னா உங்களுக்கும்லா வந்திருக்கணும்? ஏன் வரலன்னுதான் தேடுதோம்.”

“வந்துட்டு. நேத்து ஐந்தருவியில குளிக்கும்போது காலு மரத்துப்போச்சு.”

“அங்கன எல்லாருக்கும் மரக்கும்.”

கண்ணாடியை நெடுநேரம் துடைத்தார். சிரிப்பை அடக்கவா என்று இன்றும் தெரியவில்லை.

நோய் எனக்கு வரவில்லை. ஊசியைப் பார்த்து மயக்கம்தான் வந்தது. ஊன்றிய கம்பைப் போட்டுவிட்டு என்னைத் தாங்கிப் பிடித்தவன் தம்பி.