கிடாரிக்குப் போட்ட தீனி

செஞ்சி மாட்டுச் சந்தையில் நைனாவும் நானும் கிடாரியோடு நிற்கிறோம். கன்றிலிருந்து அதை வளர்த்த அம்மா வரவில்லை. புண்ணாக்கும் தவிடும் அள்ளிப் போட்டால் சீக்கிரம் பருவத்துக்கு வரும் என்று சொன்னவன் நான். வீட்டில் படித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. கிடாரி கொழுத்ததே தவிர, மூன்று முறை ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை.

வியாபாரி பாய் அதன் வாலடியை அமுக்கிப் பார்த்துச் சிரிக்கிறார்.

"இன்னா பெரியவரே, மாப்ள விருந்து போட்டு வளத்தீங்களா? ஒரே கொழுப்பா இருக்குது, சினை எங்க நிக்கும்? கறிக்குத்தான் போவும். பேனா சொருகின புள்ள பக்கத்துல நிக்குது, அத ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"அவன் வேணாம்னுதான் சொன்னான் பாய். நாந்தான் கேக்கல," என்கிறார் நைனா.

கயிறு கை மாறுகிறது. கன்று வாங்கிய விலையையும் தீனிச் செலவையும் சேர்த்துப் பார்த்தால் எங்களுக்கு நஷ்டம் எழுநூறு ரூபாய்.