டிரில் மாஸ்டர் தேசப்பனின் பாட்டு பீரியட்

பாட்டு டீச்சர் மாற்றலாகிப் போன மறுநாள் தலைமையாசிரியர் பக்தவச்சலம் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். நான் தையல் டீச்சர். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தவளுக்குப் பாட்டும் வரும் என்று எப்படி நினைத்தாரோ தெரியவில்லை. "கண்காட்சிக்கு நாப்பது ஜாக்கெட் வெட்டிப் போட்டிருக்கேன் சார்" என்று சொல்லி நழுவிவிட்டேன். அடுத்து அவர் கண்ணில் பட்டவர் டிரில் மாஸ்டர் தேசப்பன். கழுத்தில் விசில் தொங்கியது.

"ஊதுற சாமான் ஒண்ணு வச்சிருக்கீங்கல்ல, நீங்களே பாத்துக்குங்க" என்று பாட்டு பீரியட் அத்தனையையும் அவர் தலையில் கட்டிவிட்டார். இது நடந்தது 1974 ஜூனில், மரக்காணத்தில்.

தேசப்பன் உள்ளூர்க்காரர். உப்பளத்தில் கூலி வேலை செய்யும் குடும்பத்தில் பிறந்து, உடற்பயிற்சி ஆசிரியர் படிப்பு முடித்து வந்தவர். ஆறடி உயரம், கருங்கல் மாதிரி உடம்பு. பாட்டு மட்டும் சுத்தமாக வராது. காலை வணக்கத்தில் அவர் வாயைத் திறந்தால் முன்வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவருக்கு உயிர் என்றால் அது வாலிபால்தான். மீனவர் குப்பத்தில் சொல்லி வலை பின்னி வாங்கி, மைதானத்து முள்ளையெல்லாம் தானே வெட்டி, ஒரு அணியை உருவாக்கியிருந்தார். அந்த வருடம்தான் முதல்முறையாக எங்கள் பள்ளிக்கு மாவட்டப் போட்டியில் இடம் கிடைத்தது. பிப்ரவரியில் கடலூரில் ஆட்டம். பயிற்சிக்கு என்று இருந்தது செவ்வாயும் வியாழனும் கடைசி பீரியட். அந்த இரண்டும் இப்போது ஒன்பதாம் வகுப்பு பி பிரிவின் பாட்டு பீரியட் ஆகிவிட்டன. மாலையில் பையன்கள் வீட்டு வேலைக்கு ஓடிவிடுவார்கள், நிறுத்தி வைக்க முடியாது.

மனிதர் ஒரு வாரம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடினார். என்னால் வந்த வினை என்று எனக்கும் உறுத்தியது. அதனால் ஒரு யோசனை சொன்னேன்.

"மாஸ்டர், ஜனவரியில இன்ஸ்பெக்‌ஷன். வரப்போற அதிகாரியம்மா நல்லா சங்கீதம் தெரிஞ்சவங்களாம். கிளாஸ் மோசமா இருந்தா, உடனே பாட்டு டீச்சர் போடுங்கன்னு எழுதிட்டுப் போவாங்க. உங்க கிரவுண்டு உங்களுக்கு வந்துடும்."

"அதுக்கு நான் என்னா பண்ணணும் டீச்சர்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா இருங்க."

சரி என்று தலையாட்டினார். ஆனால் சும்மா இருக்கத் தெரிந்த ஆளா அவர்? பாடத்திட்டப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாடத் தெரியாதே தவிர, அர்த்தம் சொல்லத் தெரியும் அல்லவா. டிரில் வகுப்பு மாதிரியே ஆரம்பித்தார்.

ஆரோகணம் என்றால் ஸ்வரங்கள் கீழிருந்து மேலே ஏறும் வரிசை. பிள்ளைகள் மாடிப்படி ஏழிலும் "ஸ ரி க ம ப த நி" என்று ஏறினார்கள், மாடியில் கால் வைத்து மேல் "ஸ" சொன்னார்கள். அவரோகணம், அப்படியே இறங்கினார்கள். ஸ்தாயி, அதாவது குரல் நிற்கும் உயரம், மூன்று: "மந்திரம்" என்றால் உட்கார வேண்டும், "மத்தியம்" என்றால் நிற்க வேண்டும், "தாரம்" என்றால் குதிக்க வேண்டும். கீழே என் தையல் அறையில் ஒவ்வொரு தாரத்துக்கும் கூரையிலிருந்து மண் உதிர்ந்து ஜாக்கெட்டில் விழுந்தது. சுருதிக்கு வேறு வழியில்லை, விசில்தான். "பாட்டு எந்த ஒலியை ஆதாரமா வச்சு நிக்குதோ அதான் சுருதி. இதை விட்டு எவனும் போவக் கூடாது" என்று சொல்லி ஊதுவார். அந்த விசிலோடு சேர்ந்து பாட மனிதத் தொண்டையால் முடியாது என்று அவரிடம் யார் சொல்வது!

ஆதி தாளத்துக்கு வந்தபோதுதான் அவர் முகம் மலர்ந்தது. ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு, ஆக எட்டு; அந்தச் சுற்று ஒரு ஆவர்த்தம். எண்ணிக்கை என்றால் அவர் ராஜா. எடுப்பு என்ற பாடத்தையும் என்னிடம் ஒப்பித்துக் காட்டினார். தாளம் தொடங்கும்போதே பாட்டும் தொடங்கினால் சமம். பாட்டு முந்திக்கொண்டால் அதீதம். தாளம் விழுந்த பிறகு பாட்டு தொடங்கினால் அநாகதம்.

ஜனவரி கடைசி வாரம் அதிகாரியம்மா வந்தார். வேடிக்கை பார்க்க நானும் வகுப்பின் பின்னால் நின்றேன். ஸ்தாயி எத்தனை, லயம் என்றால் என்ன என்று கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. தாரத்துக்கு யாரும் குதிக்கவில்லை, பிழைத்தோம். பிறகு அந்த அம்மா, "நான் தாளம் போடறேன். முதல் தட்டுல எடுத்து, ஸரளி வரிசை பாடுங்க" என்று தொடையில் தட்டினார்.

தட்டு விழுந்தது. ஒரு சத்தமும் இல்லை. அரை நொடி கழித்து முப்பத்தெட்டு பேரும் "ஸ" என்றார்கள். அவர் நிறுத்தினார். மறுபடி தட்டினார். மறுபடியும் அதே தாமதம். முன் பெஞ்சில் இருந்த அமராவதியை மட்டும் தனியாகப் பாடச் சொன்னார். அவளும் அப்படித்தான் எடுத்தாள்.

"உப்பளத்துப் பிள்ளைங்க" என்று அதிகாரியம்மா தலைமையாசிரியரிடம் சொன்னார். "அர்த்தம் மட்டும் மனப்பாடம் பண்ணியிருக்காங்க. தாளமே இல்ல. தாளம்லாம் பிறவியில வரணும். ஒரு பாட்டு டீச்சர் வேணும்னு எழுதிடறேன்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். மைதானம் கிடைத்துவிட்டது! தேசப்பனைப் பார்த்துக் கண் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. காது மடல் சிவந்து போய் நின்றிருந்தார்.

"அம்மா, ஒரு நிமிசங்க" என்றார். "தப்புன்னா ஆளுக்கு ஒரு தப்பால்லங்க வரணும்? முப்பத்தெட்டு பேரும் ஒரே எடத்துல எடுக்குறாங்களே, அது எப்படிங்க?"

அதிகாரியம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க நிறுத்தாம எட்டு ஆவர்த்தம் தாளம் போடுங்க. பசங்க பாடட்டும். ஒரு எடத்துல பிசகினா நான் வேலையை எழுதிக் குடுத்துட்டுப் போயிடறேன்."

தலைமையாசிரியர் கையைப் பிசைந்தார். நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன். தாளம் தொடங்கியது. பிள்ளைகளின் ராகம் கண்டபடி இருந்தது, அதை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு ஆவர்த்தத்திலும் தட்டு விழுந்து சரியாக அரை இடம், அதாவது அரை எண்ணிக்கை, தள்ளி, ஒரே ஆள் பாடியது மாதிரி அந்த "ஸ" வந்து விழுந்தது. எட்டு தடவையும் அப்படித்தான். ஐந்தாவது ஆவர்த்தத்திலேயே அதிகாரியம்மா சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"இது அநாகத எடுப்பு."

"ஆமாங்க. அறுபத்தி ரெண்டாம் பக்கம்" என்றார் தேசப்பன். "பொங்கல் லீவுல இதுங்க எல்லாம் அளத்துல பாத்தி மிதிக்கப் போவுதுங்க. தரை இறுகறதுக்கு வரிசையா நின்னு மிதிக்கணும். முன்னாடி நிக்கிற பொம்பள குரல் குடுக்கும், அந்தக் குரல் விழுந்தப்புறம்தான் மத்தவங்க காலை வைக்கணும். மொத அடி அவங்களுது. அதுல யாரும் காலை வைக்க மாட்டாங்க. பிறவியில வந்ததுதாங்க அது."

அதிகாரியம்மா எழுந்து நின்று பிள்ளைகளைப் பார்த்துக் கைதட்டினார். பிறகு ஆய்வுப் பதிவேட்டில் எழுதியதைத் தலைமையாசிரியர் எங்களுக்கெல்லாம் உரக்கப் படித்துக் காட்டினார்: இசை வகுப்பு மிகச் சிறப்பு. இப்போதைய ஏற்பாடே தொடரலாம். புதிய ஆசிரியர் அவசியமில்லை.

பக்தவச்சலம் சார் எல்லாருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார். தேசப்பன் தன் காப்பியை ஆறவிட்டுக்கொண்டு மைதானத்தையே பார்த்திருந்தார்.

பிப்ரவரியில் கடலூருக்குப் போன அணி முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பியது. திங்கட்கிழமை காலை அவர் என் அறைக்கு வந்தார். தோல்வியைப் பற்றிப் பேசுவார் என்று பார்த்தால், பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்தார்.

"டீச்சர், அடுத்து கமகம்னு ஒரு பாடம். ஸ்வரத்தை அசைக்கிறதாம். எதைப் புடிச்சு அசைக்கிறதுன்னு தெரியல. உங்க சர்ச்சுல பாடுறவங்க யாராச்சும் சொல்லுவாங்களா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கிரவுண்டும் போச்சு, மேட்சும் போச்சு, இப்ப கமகம் ஒண்ணுதான் கேடா? அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா எல்லாம் கையில இருந்திருக்குமே மாஸ்டர்!"

"மூடிக்கிட்டுதான் டீச்சர் இருந்தேன். தாளமே இல்லன்னுட்டாங்களே. இன்னிக்குக் காலையிலகூட எங்கம்மா மிதிக்கப் போயிருக்குது. நாப்பது வருசமா மிதிக்குது. தாளம் இல்லாம இருவது பேரு எப்படி டீச்சர் ஒண்ணா மிதிப்பாங்க?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பொம்மையார்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள் நான். பதினோரு வருடமாக இந்த அளங்களை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். ஒருநாளும் அங்கே வேலை செய்கிறவர்களின் காலை நான் பார்த்ததில்லை.

மறுநாள் ஒரு பஸ் முன்னால் கிளம்பி வந்து அளத்தருகே இறங்கினேன். இருபது பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஈரப் பாத்தியில் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒரு குரல் எழுந்தது. அது விழுந்து அரை இடம் தள்ளி, நாற்பது கால்களும் மாறி மாறி ஒன்றாக இறங்கின. கைப்பையில் நான் தாளம் போட்டுப் பார்த்தேன். துளி பிசகவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அழுகை வந்தது.

தண்ணீர் குடிக்க வரப்புக்கு வந்தவர்களில் தேசப்பனின் தாயார் மங்கம்மா யார் என்று விசாரித்து, நானே போய்ப் பேசினேன்.

"உங்க மகன்கூட ஸ்கூல்ல வேலை பாக்கறேங்க. அவருதான் பிள்ளைங்களுக்குத் தாளம் சொல்லித் தர்றாரு. பெரிய ஆபீசரே பாராட்டிட்டுப் போனாங்க."

அந்த அம்மாள் குடித்த தண்ணீர் புரையேறும்படி சிரித்தார்.

"யாரு, தேசப்பனா? சின்ன புள்ளையில நாலு நாளு மிதிக்கக் கூட்டியாந்தேன்மா. ஒரு நாளாச்சும் அவன் காலு எங்க காலோட வந்ததில்ல. முந்திக்கினே இருப்பான். வரிசையே கெட்டுப்போவுது, இவன் இந்த வேலைக்கு ஆவமாட்டான்னுதான் ஸ்கூலுக்கு அனுப்புனேன்."

வாயைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் போய் வரிசையில் நின்றுகொண்டார்.