காவல்மரத்தில் முதல் வெட்டு

போர்ப் பாட்டு நடத்தும்போது நான் வீரத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டேன். ஊரைப் பற்றித்தான் பேசுவேன். பழைய பாட்டில் ஓர் ஊர் நம் கண்ணுக்குத் தெரிவதே அது அழியும்போதுதான். தீ வைத்தால்தான் அங்கே கூரை இருந்தது தெரியும். யானையை இறக்கிக் குளத்தைக் கலக்கினால்தான் குடிக்கத் தண்ணீர் இருந்தது தெரியும். எல்லாவற்றுக்கும் முன்னால் பகை மன்னன் காவல்மரத்தை வெட்டுவான். ஊரே உயிராக நினைத்துக் காத்த மரம். அது சாய்ந்தால் கோட்டைக்குள் இருப்பவனுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

தி.நகர் டியூஷன் சென்டரில் இதை நடத்திய அன்று, அந்த ஊர் இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரு பெண் கேட்டாள். மேப்பில் தேடாதே, பாட்டில்தான் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லிவிட்டு சைதாப்பேட்டைக்கு வந்தேன். ஆற்றோரம் எங்கள் வீடு. அக்காவும் நானும்தான். அக்கா அடையாறில் வீடுகளில் சமைப்பவள், கொஞ்சம் வாய் நீளம்.

கரையைக் காலி செய்யச் சொல்லி அதிகாரிகள் எங்கள் தெருக் கதவுகளில் எண் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். உடனே பெண்கள் சேர்ந்து தெருமுனை வேம்புக்கு மஞ்சள் துணி கட்டி, குங்குமம் வைத்து, அடியில் ஒரு செங்கல்லை நட்டு அம்மனாக்கிவிட்டார்கள். சாமி மேல் எவனும் கைவைக்க மாட்டான் என்று நம்பிக்கை. அதுவரை அந்தக் கிளையில் லுங்கி காயப்போட்டவர்கள்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் கற்பூரம் ஏற்றினேன்.

விடிந்ததும் பொக்லைன் வந்தது. கூட வந்த அதிகாரி வீடுகளைப் பார்க்கவே இல்லை, மஞ்சள் துணியைத்தான் பார்த்தார்.

"முதல்ல அந்த மரத்த எடு. அது போச்சுன்னா இதுங்க தானா போயிடும்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. என் பாடத்தை இந்த ஆள் எங்கே படித்தான்? இதுதான் எங்கள் காவல்மரம் என்று பொட்டு வைத்துக் காட்டிக் கொடுத்ததே நாங்கள்தான்.

அக்கா ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பெண் போலீஸார் முடியைப் பிடித்து இழுத்தும் விடவில்லை. லத்தி முழங்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. யாரோ கல் விட்டார்கள், வண்டியின் கண்ணாடி நொறுங்கியது, ஓட்டுநரின் நெற்றியிலிருந்து ரத்தம் கொட்டியது. பிறகு யார் யாரை அடித்தார்கள் என்றே தெரியவில்லை. நான் அம்மனாக இருந்த செங்கல்லைப் பிடுங்கி எறிந்தேன். யார் மேல் பட்டது என்று பார்க்கவில்லை. பட்டிருக்க வேண்டும் என்று இன்றும் ஆசைப்படுகிறேன்.

வேம்பு வேரோடு வந்தது. அப்புறம் அந்த ஆள் சொன்னபடியேதான் நடந்தது. ஆளாளுக்குத் தட்டுமுட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு லாரியில் ஏறினார்கள்.

இப்போது ஊருக்கு வெளியே, அரசாங்கம் ஒதுக்கிய குடியிருப்பில், நாலாவது மாடியில் இருக்கிறோம். அக்காவின் கை நேராகவில்லை, சமையல் வேலை போய்விட்டது. ஒரு சாயங்காலம் மறுநாள் பாடத்தை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். மரத்தை வெட்டிய மன்னனைப் புகழும் இடத்தில் அக்கா நிறுத்தச் சொன்னாள்.

"வெட்டுனவன் பேரு கீது. மரத்தப் புட்ச்சிக்கினு நின்னவ பேரு கீதா?"

இல்லை என்றேன்.

"அப்பால இன்னாத்துக்குப் புள்ளைங்களுக்கு இத்த சொல்லிக் குடுக்குற?"

"பரீட்சைல கண்டிப்பா வரும்க்கா," என்றேன். "ரெண்டு மார்க்."