மனைவிக்கு ஒரு பார்டர்

நல்ல பார்டர் ஒன்று கிடைத்துவிட்டால் என் மனைவி கனடாவிலிருந்து திரும்பி வந்துவிடுவாள் என்று நான் நம்பினேன். ஐம்பது வயதைத் தாண்டி, கண்ணாடி போட்டுக்கொண்டு, முழு சுயநினைவோடு நம்பினேன்.

நம்பியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவள் சேலை எடுக்கிற விதம் அப்படி. ஸ்ரீவில்லிபுத்தூர் கடையில் சேலையை விரித்து விரித்துப் போடுவார்கள். இவள் சேலையின் உடலைப் பார்க்கவே மாட்டாள். கரையை, அந்த பார்டரை மட்டும் இழுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாள். பிடிக்கவில்லை என்றால் எழுந்துவிடுவாள். என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்ததும் நான் அன்று கட்டியிருந்த வேட்டியின் கரையைப் பார்த்துத்தான் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

மகளின் பிரசவத்துக்கென்று போனவள். பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். ஆறு மாதம் முடிந்து கிளம்ப வேண்டிய நேரத்தில் மகள் ஆரம்பித்தாள்: "அம்மா இன்னும் ஆறு மாசம் இருக்கட்டுமேப்பா, விசாவை நீட்டிக்கலாம்." என் மனைவி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. "பாப்போம்" என்றாள்.

அந்தப் 'பாப்போம்' என்னை என்ன பாடு படுத்தியது என்பது ராஜபாளையத்தில் என் வீட்டுச் சுவர்களுக்குத்தான் தெரியும். சமையல் பழகிவிட்டது. துணி துவைப்பதும் பழகிவிட்டது. ஆனால் காய்ந்த போர்வையை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கம்பியை நோக்கி நடந்து பார்த்தேன். கம்பி எதிரே நடந்து வரவில்லை.

'பாப்போம்' என்றவள் பார்ப்பதற்கு நாமே ஏதாவது செய்வோம் என்று தோன்றியது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டால் காலை வணக்கப் பூங்கொத்துகளுக்கு அடியில் புதைந்து போகும். நான் பேண்டேஜ் துணி செய்கிற கம்பெனியில் ஆபீஸ் வேலை பார்ப்பவன். இளம் வயதில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவன். வெப் பக்கம் செய்யத் தெரியும். எங்கள் காலத்தில் ஓடுகிற எழுத்தும் ரோஜாப்பூப் பின்னணியும் இல்லாத பக்கம் ஒரு பக்கமே இல்லை. ஆகவே அவளுக்கென்று ஒரு பக்கம்: மேலே அவள் படம், கீழே வீட்டின் படங்கள். சுற்றிலும் அவள் கண்ணை இழுக்கும்படி ஒரு பார்டர்.

தேடத் தொடங்கினேன். இலவசம் என்று போட்டிருந்த மாங்காய் பார்டர் ஒன்றை ஆசையாக இறக்கினேன். பின்னணி இல்லாதது, எதன்மேல் வைத்தாலும் உட்காரும் என்று எழுதியிருந்தது. வைத்தேன். மாங்காய்க்குப் பின்னால் சாம்பலும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாக வந்தது. அது பின்னணி இல்லை என்பதைக் காட்டுவதற்காகப் போட்ட கட்டம் என்றும், சில படங்களில் அந்தக் கட்டமும் சேர்ந்தே ஒட்டியிருக்கும் என்றும் தெரிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அதுவரை லுங்கி டிசைன் என்று நினைத்து, கனடாக் குளிருக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பின்னணிக்கு மல்லிகைப்பூப் படம் எடுத்தால், அதைப் பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்ப ஒட்டும்போது ஒட்டு தெரிந்தது. பூவெல்லாம் பாதியில் அறுந்து நின்றது. அவளாக இருந்தால் இந்தத் தையலைப் பார்த்தே தையல்காரரைத் திட்டியிருப்பாள். மயில் கழுத்து நிறத்தில் அசலான கரை ஒன்று கிடைத்தது. அதன்மேல் குறுக்கே விற்பவன் பெயர் முத்திரையாக ஓடியது. அதைக் களவாக எடுத்துப் போடவும் பயம். கனடாவில் போலீஸ் நேராக அவளிடம் போய் விசாரித்தால்?

கடைசியில் பஜாரில் பிளக்ஸ் கடை வைத்திருக்கிற பாயிடம் போனேன்.

"பாய், ஒரு பார்டர் வேணும்."

"கட்சியா, காதுகுத்தா?"

"வீட்டுக்காரிக்கு."

ஏற இறங்கப் பார்த்தார். அன்று அவருக்கு மூன்று கல்யாண பேனர். பென் டிரைவை எடுத்து நீட்டினார். "எம்புட்டோ கெடக்கு. வேண்டியத எடுத்துக்கிட்டு சாயந்தரம் குடுங்க."

உள்ளே எல்லாம் வெறும் எண்கள்தான். திறந்து திறந்து பார்த்தேன். ஒன்றில் கண் நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் சுடரோடு குத்துவிளக்கு. மேலே வளைவாக ரோஜாவும் சம்பங்கியும் கட்டிய மாலை. கீழே தாமரை. பின்னணியில் இளநீல மேகம், மேகத்துக்கு நடுவிலிருந்து கதிர் கதிராக ஒளி. ஒட்டு இல்லை, கட்டம் இல்லை, முத்திரை இல்லை. இத்தனை மங்களகரமான பார்டரையா இத்தனை நாள் தேடினோம் என்று எனக்குக் கண் கலங்கியது.

அந்த ஒளியின் நடுவில் அவள் சிரிக்கிற படத்தை வைத்தேன். அடியில் அவள் கிளம்பிப் போன தேதி. அதற்கும் அடியில், "நீ இல்லாத வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது." அதற்குப் பிறகுதான் முருங்கை மரமும், அவளுடைய துணிக்கூடையில் குட்டி போட்ட பூனையும், அவற்றுக்கு நான் எழுதிய கேலிப் பேச்சும். காலையில் பக்கத்தின் லிங்கைக் குழுவில் அனுப்பிவிட்டு ஆபீஸுக்குப் போனேன்.

பத்து மணி இருக்கும். அவளுடைய தம்பி கூப்பிட்டான். பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து, செண்பகத்தோப்பில் வனத்துறைக் காவலுக்குப் போகிறவன். கரடியை எதிரில் பார்த்துவிட்டு வந்து சாவகாசமாகச் சோறு தின்கிற ஆள். போனில் ஓவென்று அழுதான்.

"அத்தான்... அக்கா... இப்படி விட்டுட்டுப் போயிட்டாளே அத்தான்..."

அதோடு சிக்னல் போய்விட்டது.

எனக்குத் தெரியாத சேதி அவனுக்கு முதலில் வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். அவளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மகளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அங்கே நடுராத்திரி என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. ஹெல்மெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன். கனடாவுக்கு எப்படிப் போவது என்று தெரியாததால் அவன் இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினேன்.

வழியெல்லாம் அழுகை வரவில்லை. இனி அந்தப் போர்வையை மடிக்கவே வேண்டாம், அப்படியே கிடக்கட்டும் என்று மட்டும் ஓடியது.

பாதி வழியில், ஒரு டீக்கடை முன்னால், அவன் எதிரே வந்துவிட்டான். வண்டியில் ஒரு கவர் தொங்கியது. உள்ளே ரோஜா மாலை.

"ஏலே மாப்ளே, ஒனக்கு யாரு சொன்னா?"

"எனக்கு யாரு சொன்னாவளா? நீங்கதானே அத்தான்..."

"நான் எங்கலே சொன்னேன்? நீதானே போன் போட்டு அழுத!"

"நீங்க போட்டதப் பாத்துத்தானே அழுதேன்!"

போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். சின்னத் திரையில், தள்ளி நின்று, முதல் தடவையாக நான் அதை மற்றவர்களைப் போலப் பார்த்தேன். விளக்கு, மாலை, மேகம், தேதி. ஊரில் எந்தச் சுவரில் ஒட்டினாலும் கீழே 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுத வேண்டியதுதான் பாக்கி.

"கீழ எறக்கிப் பாக்கக் கூடாதாலே? பூனையெல்லாம் போட்டிருக்கேன்."

"அக்கா படத்துக்கு மாலை போட்டிருக்கு. அதுக்குக் கீழ பூனையா பாப்பாங்க?"

டீக்கடைக்காரர் இருவருக்கும் தண்ணீர் கொடுத்தார். "ஏலே, ஆள் கனடாவுல. மாலையை யாருக்குலே வாங்கிட்டு வந்த?" என்று கேட்டேன். அவனுக்கும் தெரியவில்லை. சாமிக்கும் போட முடியாது, எனக்கும் போட முடியாது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஆடு வந்து அந்தப் பிரச்சினையை முடித்துவைத்தது.

சிரித்தோம். எல்லாம் என் பார்டர் செய்த வேலை என்று தெரிந்துவிட்டது. தெரிந்தும் அவள் குரலைக் கேட்காமல் நம்ப முடியவில்லை. குழந்தை பாலுக்கு எழுந்தபோது விடுபட்ட அழைப்புகளைப் பார்த்துவிட்டு அவளே கூப்பிட்டாள்.

"ஏங்க, குழுவுல எல்லாரும் ஆழ்ந்த அனுதாபம்னு போட்டிருக்காக. நான் எப்பங்க செத்தேன்?"

போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"பார்டர் நல்லாத்தான் இருக்கு. விளக்கு ரெண்டும் ஒரே அளவா இருக்கு" என்றாள். பிறகு, "என்னங்க, அழுதீயளா?"

"தூசி."

"இம்புட்டு தூரத்துக்குக் கேக்குது உங்க தூசி." பின்னால் பேத்தி சிணுங்குவது கேட்டது. "மக ராத்திரியும் கேட்டா. இன்னும் ஆறு மாசம் இருக்கட்டுமான்னு. நீங்க சொல்லுங்க, என்ன செய்யட்டும்?"

வந்துவிடு என்று சொல்வதற்குத்தான் லுங்கிக் கட்டத்தோடும் அறுந்த மல்லிகையோடும் அத்தனை நாள் மல்லுக்கட்டினேன். ஆனால் அந்த நிமிடத்தில் அவள் உயிரோடு இருந்தாள். அதற்குமேல் ஒன்றைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

"இருந்துட்டு வா" என்றேன்.

விசாவை நீட்டித்தார்கள். அவள் அங்கேதான் இருக்கிறாள்.